ஊதிப் பார்க்கும் அறை

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களையும், அவரவர் உட்கார்ந்திருந்த இடத்தையும் முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா, கட்டிலில், சுவரோடு சாய்ந்து. அண்ணன், தொலைபேசிக்குப் பக்கத்து நாற்காலியில், யாரும் போனை எடுத்துவிடக் கூடாது என்று காவல் இருப்பவர் போல. அண்ணி, சமையலறை வாசற்படியில், மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு. நான், ஜன்னலோரம், என் எழுதுமேசையில். சித்தப்பா கூடத்தில் இருந்தார் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். பட்டறைப் பக்கத்துக் கதவைத் திறந்துவைத்து, அதற்கும் அப்பால் முற்றத்தில் முக்காலி போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நாலு முழம் தள்ளி இருந்தால் போதும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். முற்றத்துச் சுவர் தடுத்ததால்தான் சித்தப்பா அத்தோடு நின்றார்.

யாரைப் பற்றிப் பேச உட்கார்ந்தோமோ அவள் அங்கே இல்லை. என் தங்கையின் பெண்குழந்தை. பிறந்து ஒரு மாதம் தாண்டிச் சில நாள்தான் ஆகியிருந்தது. முத்தடுப்பு ஊசியின் முதல் தவணைக்கே இன்னும் நாள் வரவில்லை. பஸ்ஸில் போனால் ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில், புகுந்த வீட்டில், தங்கை மடியில் இருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் காத்திருந்து பெற்ற பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு எங்கள் வீட்டிலிருந்து ஒரு நோய் போயிருக்கலாம். போயிருக்கிறதா என்று தெரியவில்லை. அதைச் சொல்வதா வேண்டாமா என்றுதான் வாக்குவாதம்.

எப்படிப் போயிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் தொழிலைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் விசில் செய்கிறவர்கள். வீட்டுக்குப் பின்னாலேயே பட்டறை. தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, உள்ளே ஒரு தக்கை உருண்டையைப் போட்டு, மெருகுச் சக்கரத்தில் பிடித்தால் விசில் பளபளவென்று ஆகிவிடும். ஆனால் பளபளப்பாக இருந்து என்ன பயன், ஊத வேண்டுமே. ஒவ்வொன்றையும் வாயில் வைத்து ஊதிப் பார்ப்பதுதான் கடைசி வேலை. அதைச் செய்கிறவர் சித்தப்பா. பட்டறையில் அவருக்குப் பெயரே 'சங்கு'. வேலை நெருக்கினால் அண்ணியும் கூட உட்காருவார். ஊதியதையெல்லாம் சுடுதண்ணீரில் போட்டு அலசிக் காயவைத்துத்தான் பெட்டியில் அடுக்குவோம். வாங்கினவர்கள் இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம்.

காலை முழுக்க விசில் சத்தம் கேட்டால் எந்த அக்கம்பக்கம் பொறுக்கும்? எதிர்வீட்டு வாத்தியார் ஒருமுறை சண்டைக்கே வந்துவிட்டார். அதிலிருந்து அண்ணன் ஓர் அறையை அதற்கென்று ஒதுக்கினார். ஜன்னலைப் பலகை வைத்து அடைத்தார். சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளை அடித்தார். கதவுக்குக் கம்பளி. உள்ளே இருந்துகொண்டு தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே ஒரு பொட்டுச் சத்தம் வராது. அண்ணனுக்கு அந்த அறையைப் பற்றி அவ்வளவு பெருமை. வருகிறவர்களையெல்லாம் உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, "கேக்குதா? எதாவது கேக்குதா?" என்று காட்டுவார். சத்தம் வெளியே போகாத அறையில் காற்றும் வெளியே போகாது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இருமல் எங்களுக்குப் புதிதல்ல. மெருகுச் சக்கரத்திலிருந்து பறக்கிற தூள் மூக்கில் ஏறும், தொண்டையில் கமறும். 'பட்டறை இருமல்' என்று ஒரு பெயரே வைத்திருந்தோம். யார் இருமினாலும் சுடுதண்ணீரைக் குடி, ஆவி பிடி, வேலையைப் பார். அதனால் சித்தப்பாவுக்கு மூக்கு ஒழுகி, லேசாக இருமல் ஆரம்பித்தபோது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தங்கையும் மாப்பிள்ளையும் குழந்தையைக் காட்ட வந்தார்கள். ஒரே ஒரு நாள். வேலை நெருக்கடியில் பட்டறையை நிறுத்த முடியவில்லை. சக்கரம் கிர்ரென்று சுற்றும்போதெல்லாம் குழந்தை திடுக்கிட்டுக் கையை விரித்து அழுதது. தங்கை தூக்கிக்கொண்டு வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்து களைத்துப் போனாள். அண்ணன்தான் வழி கண்டுபிடித்தார்.

"மகாராணிக்கு ஏத்த ரூம் நம்மகிட்ட இருக்கே! வெளிய இடி இடிச்சாலும் தெரியாது."

காலை முழுவதும் சித்தப்பா ஊதி, இருமி, கூடவே அண்ணியும் ஊதி, எழுந்து வந்த அறை. அதிலே மெத்தை மேல் மெத்தை போட்டுக் குழந்தையைப் படுக்கவைத்தார் அண்ணன். மத்தியானம் முழுக்க அயர்ந்து தூங்கியது. தங்கைக்கு அவ்வளவு நிம்மதி. எல்லோரும் அண்ணனைப் பாராட்டினோம், நான் உட்பட.

அவர்கள் ஊருக்குப் போன பிறகு சித்தப்பாவின் இருமல் வேறு மாதிரி ஆனது. வந்தால் அடைமழை போல் வரும். நடுவில் மூச்சு இழுக்க விடாது. முகம் சிவந்து, கண் பிதுங்கி, இனிமேல் மூச்சே இல்லையோ என்று நாங்கள் நினைக்கிற நேரத்தில் 'ஊப்' என்று ஒரு பெரிய இழுப்பு. அதன் பின் வாந்தி.

"எல்லாரும் மூச்ச வெளிய விட்டு விசில் அடிப்பாங்க, சித்தப்பா உள்ள இழுத்தே அடிக்கிறாரு" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தோம். சித்தப்பாவும் சிரிக்கப் போய் மறுபடி இருமினார். சில நாளில் அண்ணிக்கும் அதே இருமல். அண்ணி மெருகுச் சக்கரத்தின் பக்கமே போகாதவர். இது தூளால் வந்த இருமல் இல்லை என்று எனக்கு அப்போதுதான் பட்டது.

இருவரையும், நாங்கள் கூடத்தில் கூடிய அன்று காலைதான், டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன்.

"எப்படி இருமுறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா. சித்தப்பா உற்சாகமாக நடித்துக் காட்டத் தொடங்கினார்.

"நடிக்க வேண்டாம் பெரியவரே, கொஞ்சம் உக்காருங்க, அதுவே வரும்."

வந்தது. டாக்டரம்மா எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். இருவருக்கும் முகத்தில் துணி கட்டச் சொன்னார். மூக்கின் உள்ளே மெல்லிய குச்சி ஒன்றை விட்டுச் சளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

"முடிவு வர நாளாகும். அதுக்காகக் காத்திருக்கப் போறதில்ல. இது கக்குவான் இருமல்னுதான் எனக்குத் தோணுது."

"அது சின்னப் பசங்களுக்கு வர்றதாச்சே டாக்டர். எனக்குத் தலை பூராவும் நரைச்சுப் போச்சு" என்றார் சித்தப்பா.

"கிருமி தலைமுடியப் பாத்தா உள்ள வருது? சின்ன வயசுல போட்ட ஊசியோட பலம் வருஷம் போகப் போகக் குறைஞ்சுடும். பெரியவங்களுக்கும் வரும். முதல் ஒண்ணு ரெண்டு வாரம் சாதாரண சளி மாதிரிதான் இருக்கும். ஆனா அப்பத்தான் அதிகமாத் தொத்தும். இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கிற துளி போதும். ஊதுற வேலைன்னு சொல்றீங்க, அதுவும் அடைச்ச ரூம்ல. கேக்கணுமா?"

மாத்திரை எழுதித் தந்தார். வீட்டில் இருமல் இல்லாதவர்களுக்கும் சேர்த்து. "இது இருமல உடனே நிறுத்தும்னு நினைக்காதீங்க. இருமல் இன்னும் ரெண்டு மாசம்கூட இழுக்கும். மாத்திரை கிருமியக் கொல்லும், அடுத்தவங்களுக்குப் போகாம தடுக்கும். நல்லா இருக்கேன்னு நடுவுல நிறுத்தாதீங்க. அஞ்சு நாள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எந்தக் குழந்தை பக்கமும் வீட்டுல ஒருத்தரும் போகக் கூடாது. வீட்டுல கைக்குழந்தை இருக்கா?"

"இல்ல" என்றார் சித்தப்பா, பரீட்சையில் பாஸானவர் போல.

"வந்துட்டுப் போச்சு" என்றேன் நான்.

டாக்டரம்மா பேனாவை மேசைமேல் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் வரிவரியாக எழுதிக்கொண்டேன். பெரியவர்களை இது பாடாய்ப் படுத்தும். கைக்குழந்தைக்கு உயிர் போகிற விஷயம். அத்தனை சின்னக் குழந்தைக்கு இருமக்கூடத் தெம்பிருக்காது. 'ஊப்' சத்தமும் வராது. சும்மா இருக்கிற மாதிரி இருந்துகொண்டே மூச்சை நிறுத்திவிடும். முகமோ உதடோ நீலம் பூத்தால், பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால், ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. தொற்றவே இல்லை என்று தோன்றினாலும் முன்கூட்டியே மருந்து கொடுக்க வழி உண்டு. ஆனால் குழந்தைக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதை அங்கே இருக்கிற குழந்தை டாக்டர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

"அந்த டாக்டருக்கு நான் ஒரு சீட்டுத் தர்றேன். நோய் விவரம் அதுல இருக்கும். குழந்தை என்னைக்கு வந்துச்சு, எங்க இருந்துச்சு, யார் பக்கத்துல எவ்வளவு நேரம், அதெல்லாம் நீங்க எழுதணும். ஒண்ணையும் விடாம எழுதுங்க."

இதைத்தான் கூடத்தில் சொல்லி முடித்தேன். அண்ணன் கை போன்மேல் இருந்தது.

"சளி எடுத்த முடிவே வரல. அதுக்குள்ள நாமளே தண்டோரா போடணுமா? சும்மாவே சம்பந்தி வீட்டுல நம்ம பட்டறைய 'குப்பைக் கிடங்கு'ங்கறாங்க. இதையும் சொன்னா சின்னவள இனிமே இந்த வாசப்படி மிதிக்க விடுவாங்களா?"

"மிதிக்காட்டிப் போறா. அவ பிள்ளையோட நல்லா இருக்கட்டும்" என்றார் அம்மா.

"சரிம்மா, நான் என்ன வேண்டாம்னா சொல்றேன்? முடிவு வரட்டும்னுதானே சொல்றேன்."

முற்றத்திலிருந்து சித்தப்பா திரும்பாமலேயே சொன்னார்: "நான் குழந்தையத் தூக்கவே இல்ல. தூரத்துல இருந்துதான் பாத்தேன்."

"மாமா" என்றார் அண்ணி. அவ்வளவுதான் சொன்னார். சித்தப்பாவின் தோள் இரண்டும் கீழே இறங்கின.

"ரூம்ல காவல் உக்காந்திருந்தேன்" என்றார். "எலி கிலி வந்துடும்னு. இருமல் வந்தப்ப துண்ட வாயில அழுத்திக்கிட்டேன், எழுந்துடக் கூடாதேன்னு. ரெண்டு தடவ வந்துச்சு. இல்ல, மூணு."

அம்மா கட்டிலிலிருந்து எழுந்தார். அண்ணன் பக்கம் போய் நின்று, கையை நீட்டினார். அண்ணன் போனைக் கொடுத்தார்.

எண்ணைச் சுற்றி ரிசீவரை என்னிடம் தந்தார் அம்மா. எடுத்தது தங்கையின் மாமியார்.

"அடடே, நீங்களா? எல்லாரும் சௌக்கியமா?"

"அத்தை, குழந்தை எப்படி இருக்கா?"

"தங்கம்னா தங்கம். முன்னெல்லாம் வீட்டையே ரெண்டாக்குவா. இப்ப ரெண்டு நாளா அழறதே இல்ல. பாலுக்குக்கூட எழுந்திருக்கறதில்ல, நாமதான் எழுப்பணும். அவ்வளவு சமத்து."

அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"அத்தை, சின்னவளக் கொஞ்சம் கூப்பிடுங்க."

தங்கை வந்தாள். வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அண்ணா, நானே போன் பண்ணணும்னு இருந்தேன். நேத்து பால் குடிச்சிட்டிருக்கும்போது திடீர்னு மூச்சு விடல. மூஞ்சியெல்லாம் நீலமாப் போச்சு. நான் கத்தினதும் சரியாயிடுச்சு. இங்க இருக்கிற டாக்டர்கிட்டக் காட்டினோம். புரையேறியிருக்கும், தலைய உயர்த்திப் பால் குடுன்னு சொன்னாரு. இருமல் சளி எதுவும் இல்லையேன்னாரு. இல்லதான், ஆனா எனக்கு என்னமோ..."

சொன்னேன். சித்தப்பாவின் இருமல், அண்ணியின் இருமல், டாக்டரம்மா சொன்னது, எல்லாவற்றையும். பிறகு அவள் மாமியாரிடம் ஏதோ சொல்ல, அவர் குரல் தூரத்தில் கேட்டது: "அவங்க வீட்டு சித்தப்பா இருமினதுக்கு நம்ம குழந்தைய ஆஸ்பத்திரியில போடறதா? காலையில பாத்துக்கலாம். உன் வீட்டுக்காரன் ஊர்ல இருந்து வரட்டும்."

"சின்னவளே, கேளு. காலையில இல்ல. இப்ப. பெரிய ஆஸ்பத்திரிக்கு, குழந்தைங்க வார்டுக்கு. அங்க மூச்சப் பாத்துக்க ஆள் இருப்பாங்க, ஆக்சிஜன் இருக்கும். கக்குவான் இருமல் இருந்த வீட்டுல குழந்தை இருந்துச்சுன்னு போனதும் முதல்ல அதச் சொல்லு. நீலமாப் போனதையும் சொல்லு."

"வாயால சொன்னா நம்புவாங்களா அண்ணா? நேத்து அந்த டாக்டர் என்னப் பைத்தியக்காரிய மாதிரி பாத்தாரு. நீ வாயேன்."

வர முடியாது என்பதை அவளுக்குச் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. மாத்திரை ஒரு வேளைதான் உள்ளே போயிருக்கிறது. நான் போனால் என்னோடு இன்னும் கொஞ்சம் கிருமி போகும். அம்மா போனாலும் அப்படியே.

"நாங்க யாரும் வரக் கூடாதும்மா. கடிதம் வரும். டாக்டரம்மா சீட்டும் வரும். இன்னைக்கு பஸ்ல அனுப்பறேன். ஆனா நீ அதுக்காகக் காத்திருக்காத. கிளம்பு."

"கிளம்பறேன்" என்றாள். கிளம்புவாளா, கிளம்ப விடுவார்களா என்று தெரியாத 'கிளம்பறேன்'.

பஸ் கிளம்ப அதிக நேரம் இல்லை. நான் உட்கார்ந்து எழுதினேன். எழுத்து வேலை எனக்குப் பழக்கம். பட்டறையின் கடிதங்களெல்லாம் என் கைதான். பள்ளிக்கூடத்தில் எங்கள் வாத்தியார் சொல்லித்தந்தபடி, முதலில் யாருக்கு, பிறகு எதற்காக, பிறகு விவரம். 'குழந்தைகள் வார்டு டாக்டர் அவர்களுக்கு' என்று தொடங்கினேன். குழந்தை வந்த தேதி. தங்கிய நேரம். இருமல் உள்ளவர்கள் இருவர், அவர்களுக்கு அது தொடங்கிய நாள். அதுவரை கை ஓடியது. அறை வந்ததும் நின்றது.

அண்ணன் எனக்குப் பின்னால் வந்து நின்று படித்துக்கொண்டிருந்தார்.

"ரூமப் பத்தி வேண்டாமே" என்றார். "வீட்டுல இருந்துச்சுன்னு எழுதினாப் போதாதா? அத எழுதினா எல்லாருக்கும்..."

"வீட்டுலன்னா திறந்த ஜன்னல் பக்கமா இருந்திருக்கலாம்னு நினைப்பாங்க அண்ணா. ஒரு நிமிஷம் எட்டிப் பாத்துட்டுப் போனதும் ஒண்ணு, அடைச்ச ரூம்ல மத்தியானம் பூரா இருந்ததும் ஒண்ணு ஆகுமா? அதப் பொறுத்துதானே அவங்க முடிவு பண்ணுவாங்க."

அண்ணன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். எதற்கும் அசராத அந்த ஆளின் விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்தன. முற்றத்தில் சித்தப்பாவுக்கு இருமல் வந்தது. வந்தால் எவ்வளவு நேரம் என்று எங்களுக்குத் தெரியும், ஆனாலும் ஒவ்வொரு முறையும் மூச்சு திரும்பி வருகிறவரை எங்கள் மூச்சும் நின்றுதான் போகும். 'ஊப்' என்று இழுத்தார். நான்கு பேரும் ஒரே விஷயத்தைத்தான் நினைத்தோம் என்று நினைக்கிறேன். இந்த இழுப்பை இழுக்க அந்தக் குழந்தைக்கு நெஞ்சு எவ்வளவு பெரிசு இருக்கும்?

"எழுது" என்றார் அண்ணன். "காத்துப் போக வழியில்லாத ரூம்னு எழுது. காலையில ரெண்டு பேரும் அங்கதான் ஊதினாங்கன்னு எழுது. அங்க படுக்க வெச்சது தாய்மாமன்னு எழுது. நாளைக்கு சின்னவளப் பாத்து யாராவது ஏன் அங்க போட்டேன்னு கேட்டா, அவ பதில் சொல்லிட்டிருக்கக் கூடாது."

எழுதினேன். பிறகு ஒரு முறை உரக்கப் படித்தேன். அண்ணி ஒரு திருத்தம் சொன்னார்: அவருக்கு இருமல் தொடங்கியது நான் எழுதிய நாளுக்கு முந்தின நாள். முற்றத்திலிருந்து சித்தப்பா, "மூணு தடவன்னு போட்டியா?" என்றார். போட்டேன்.

டாக்டரம்மாவின் சீட்டையும் உள்ளே வைத்து மடித்து உறையில் போட்டேன். உறையின் ஓரத்துப் பசையை நாக்கால் ஈரப்படுத்துவது என் கை பழகிய வேலை. உறை வாய்வரை வந்துவிட்டது.

"தம்பி! நாக்கு!" என்று அண்ணி வாசற்படியிலிருந்து போட்ட கூச்சலில் உறை கீழே விழுந்தது.

"எத்தன வருஷமா இவன் நக்கின கவரத்தான் ஊரெல்லாம் வாங்கிப் பிரிச்சிருக்கு" என்றார் அம்மா. அந்த நேரத்திலும் அண்ணிக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, துணியைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் ஓடினார்.

நான் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தேன். புதிய உறை எடுத்தேன். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து ஓரத்தில் தடவி ஒட்டினேன். மேலே ஆஸ்பத்திரியின் பெயரையும் குழந்தைகள் வார்டையும் கொட்டை எழுத்தில் எழுதினேன். 'உடனே' என்று எழுதி இரண்டு கோடு போட்டேன்.

அதற்குள் அண்ணன் மறுபடி அந்த எண்ணைச் சுற்றியிருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. வைத்துவிட்டு மறுபடி சுற்றினார். அப்போதும் எடுக்கவில்லை.

"எடுக்கலன்னா கிளம்பிட்டாங்கன்னு அர்த்தம்" என்றார் அம்மா. எங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கிற மாதிரி சொன்னார். நான் உறையை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

மூக்கு வாயெல்லாம் துணியால் மூடிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன், ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கண்டக்டர் எங்கள் பார்சல்களை ஏற்றிப் பழகியவர். என்னைக் கண்டதும் மேலே ஏணிப் பக்கம் கையைக் காட்டினார்.

"பார்சல் இல்லண்ணே. கவர் ஒண்ணுதான்." தள்ளி நின்று கையை மட்டும் நீட்டினேன்.

"என்னய்யா, கொள்ளைக்காரன் மாதிரி கட்டிக்கிட்டு? காதல் கடிதமா?" என்றவர் மேலே எழுதியிருந்ததைப் படித்தார். சிரிப்பு நின்றது. "யாருக்கு?"

"தங்கச்சி குழந்தைக்கு. ஆஸ்பத்திரி வாசல்ல பஸ் நிக்கும் இல்லையா? இறங்கி, நீங்களே உள்ள போய், வார்டு நர்ஸ் கையில குடுக்கணும். வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டு வந்துடாதீங்க. குழந்தை அங்க வந்து சேர்ந்திருக்கான்னு கேட்டு, எனக்கு அங்கிருந்தே ஒரு போன் போடுங்க."

"அஞ்சு நிமிஷம் பஸ் நின்னா யாரும் செத்துட மாட்டாங்க" என்று ஆரம்பித்தவர், சொன்னது என்ன என்று உணர்ந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "குடுத்துடறேன். நானே குடுத்துடறேன்."

உறையைத் தோல் பையில் போடப் போனார். டிக்கெட் கட்டுகளும் சில்லறையும் கிடந்த பை அது. அதை ஒரு கணம் பார்த்துவிட்டு, சட்டையின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். ஏறிக்கொண்டார். பஸ் நகர்ந்தது.